மருந்துப் பெட்டியினுள் ஒரு பிரதி: மனச்சோர்வு மருந்துகளும் ‘பக்க’விளைவுகளும்

மருந்துப் பெட்டியினுள் மடித்து வைக்கப்படும் சிறு துண்டுப்பிரசுரத்தை இலக்கிய மாணவர் ஆய்வுப்பொருளாகக் கொள்வதில்லை. ஆயினும் அதுவும் ஒரு பிரதியே. பழைய நூலொன்றிலே மூலம் எது, உரை எது, இடைச்செருகல் எது எனப் பிரித்தறிவது போன்று, இப்பிரதியின் ஒவ்வொரு வரியும் எக்காலத்தில், எவர் பட்ட துன்பத்தின் பின்னர், எவ்வெதிர்ப்பைத் தாண்டி எழுதப்பட்டது என ஆராய இடமுண்டு. மனச்சோர்வுக்கு வழங்கப்படும் மருந்துகளைப் பொறுத்தவரை இவ்வாராய்ச்சி வெறும் புலமைப் பயிற்சியன்று. இம்மருந்துகளைத் தீங்கின்றி உட்கொள்ளும் முறை, உண்மையில் அவற்றின் வரலாற்றினுள்ளேயே பொதிந்து கிடக்கின்றது.

முதற்கண் ‘பக்கவிளைவு’ என்னும் சொல்லையே நோக்கலாம். நடு எது, பக்கம் எது என்பதை வரையறுப்பவர் யார்? 1951இல் ஹொஃப்மன் லா ரோஷ் கொம்பனியின் ஐக்கிய அமெரிக்க ஆய்வுகூடத்திலே தயாரிக்கப்பட்ட இப்ரோனியசிட் என்னும் பொருள் காசநோய்க்கென ஆக்கப்பட்டது. 1952இல் நியூயோர்க்கின் சீ வியூ ஆசுபத்திரியில் அது காசநோயாளருக்குக் கொடுக்கப்பட்டபோது, பலகாலம் படுக்கையிற் கிடந்தோர் உற்சாகமுற்று எழுந்து நடமாடினர், பசி மிகுந்தது, சிலர் நடனமாடினர். இது அன்று வேண்டாத விளைவாகவே குறிக்கப்பட்டது. 1957இல் நேதன் கிளைனும் அவர்தம் சகாக்களும் அதனை மனச்சோர்வுற்றோருக்கு வழங்கிப் பயன் கண்டதும் பக்கம் நடுவாயிற்று. ஓராண்டினுள் ஏறத்தாழ 400,000 பேர் அதனை உட்கொண்டனர். ஆனால் ஈரலழற்சி பற்றிய முறைப்பாடுகள் பெருகவே, 1961இல் ஐக்கிய அமெரிக்கச் சந்தையிலிருந்து அது நீக்கப்பட்டது. உடலுக்கு நடு, பக்கம் என்னும் பாகுபாடு கிடையாது. மருந்து உடலில் நிகழ்த்தும் பல மாற்றங்களுள் எது விற்பனைக்குரியதோ அது ‘விளைவு’ எனப் பெயர் பெறுகின்றது. எஞ்சியவை பக்கத்தில் ஒதுக்கப்படுகின்றன.

இதே காலப்பகுதியில் சுவிற்சலாந்தின் மூன்ஸ்டர்லிங்கன் மனநோய் ஆசுபத்திரியில் ரோலண்ட் கூன், பேசலிலிருந்த கெய்கி கொம்பனி அனுப்பிய ஒரு பொருளைப் பரிசோதித்தார். ஏனைய மனநோய்களுக்கு அது பயனளிக்கவில்லை. 1956இல் மனச்சோர்வுற்றோர் சிலரில் தெளிவான மாற்றத்தை அவர் அவதானித்தார். 1957இல் கட்டுரை வெளியிட்டார். இமிப்பிரமின் என வழங்கும் மருந்து அதுவே. வாயுலர்தல், மலச்சிக்கல், சிறுநீர் கழித்தலில் இடர்ப்பாடு, பார்வை மங்கல், எழுந்து நிற்கையில் தலைச்சுற்று ஆகியன இவ்வின மருந்துகளுடன் உடன்வருவன. அளவு மிஞ்சினால் இதயத்தின் துடிப்பொழுங்கு குலைந்து மரணமும் நேரலாம்; எனவே உயிரை மாய்க்கும் எண்ணமுள்ளவரிடம் பல வாரங்களுக்குரிய குளிசைகளை ஒருங்கே கொடுப்பது ஆபத்தானது. கூனின் பெயர் நெடுங்காலம் புகழுடன் பேசப்பட்டது. 2019இல் துர்காவ் மாநிலத்தின் ஏற்பாட்டில் வரலாற்றாசிரியர் குழுவொன்று வெளியிட்ட ஆய்வு, அவ்வாசுபத்திரியில் அறுபதுக்கும் மேற்பட்ட பொருள்கள் நோயாளரிடத்தே, சிறுவர் உட்பட, போதிய சம்மதமின்றிப் பரிசோதிக்கப்பட்டன என்பதையும், கொம்பனிகளிடமிருந்து கூன் பெருந்தொகை பெற்றார் என்பதையும் வெளிக்கொணர்ந்தது. கண்டுபிடிப்பாளரின் பெயர் நிலைத்தது. தம் உடலையே ஆய்வுகூடமாக்கக் கொடுத்தோரின் பெயர்கள் நோயாளர் கோவைகளில் அடங்கிப்போயின.

பாலாடைக்கட்டி உண்ணலாகாது என்னும் விதியின் வரலாறு இன்னும் சுவையானது. இப்ரோனியசிட்டின் இனத்தைச் சேர்ந்த மருந்துகளை உட்கொண்டோரிற் சிலருக்குத் திடீரெனத் தாங்கொணாத் தலைவலியும் குருதியமுக்க உயர்வும் தோன்றின. சிலர் மூளையில் குருதி கசிந்து இறந்தனர். காரணம் புலப்படவில்லை. நொட்டிங்காமைச் சேர்ந்த மருந்தாளர் ஒருவர், இம்மருந்தை உட்கொண்ட தம் மனைவிக்குப் பாலாடைக்கட்டி உண்ணும்போதெல்லாம் இந்நோவு வருவதை வீட்டிலே கண்டு, இலண்டன் மோட்ஸ்லி ஆசுபத்திரியில் இளம் வைத்தியராயிருந்த பரி பிளக்வெலுக்குக் கடிதம் எழுதினார். பிளக்வெல் அதனைத் தொடர்ந்தாராய்ந்து 1963இல் லான்செற் இதழில் வெளியிட்டார். நாட்பட்ட பாலாடைக்கட்டியிலுள்ள ரைரமின் என்னும் பொருளைக் குடலும் ஈரலும் வழக்கமாக அழித்துவிடும். மருந்து அவ்வழிப்பைத் தடுப்பதால் அப்பொருள் குருதியிற் புகுந்து அமுக்கத்தை உயர்த்துகின்றது. எம்மவருள் பலர் காலையுணவுடன் விரும்பியுண்ணும் மார்மைற் போன்ற மதுவச் சாற்றுப் பண்டங்களுக்கும் இத்தடை உண்டு. ஈண்டு மனங்கொள்ளத்தக்கது யாதெனில், இவ்வறிவின் ஊற்று கொம்பனியின் ஆய்வுகூடமன்று என்பதே. சாப்பாட்டு மேசையில் நிகழ்ந்ததை ஒருவர் கவனித்தார். பிறிதொருவர் அதற்குச் செவிசாய்த்தார்.

1960களின் நடுவிலிருந்து, மூளையின் சில இரசாயனப் பொருள்களின் குறைவே மனச்சோர்வு என்னும் கருதுகோள் வலுப்பெற்றது. செரற்றோனினை முதன்மைப்படுத்திய வாதம் எலி லில்லி கொம்பனியின் புளூவொக்செற்றினுக்குச் சித்தாந்த அடித்தளமாயிற்று. 1987 டிசம்பரில் அனுமதி பெற்று, மறுவருடம் புறோசாக் என்னும் பெயரில் அது சந்தைக்கு வந்தது. ‘இரசாயனச் சமநிலைக் குலைவு’ என்னும் தொடர் அதன்பின் பொதுமக்கள் வழக்கிற் புகுந்தது. சமூக வாழ்வில் விளையும் துன்பத்தைத் தனியாளின் மண்டையோட்டினுள் அடக்கிக் காட்டும் இத்தொடர், பண்டமொன்றுக்குத் தேவையான கதையை ஆக்கிக்கொடுத்தது எனலாம். 2022இல் வெளியான விரிவான மீளாய்வொன்று, செரற்றோனின் குறைவுக்குச் சீரான சான்று இல்லை என்று முடிவுகட்டியது.

ஆயின் இதிலிருந்து, மருந்தே பொய், துன்பம் யாவும் வர்க்க சமுதாயத்தால் விளைவன, புரட்சியே ஒளடதம் எனத் தாவுவது கொச்சை மார்க்சியமாகும். விளக்கம் பிழையாயிருக்க, பயன் மெய்யாயிருத்தல் கூடும். 21 மருந்துகள் பற்றிய 522 பரிசோதனைகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஆய்வு, அவை யாவும் போலிக்குளிசையிலும் மேம்பட்டன என்றும், அம்மேம்பாடு மிதமானது என்றும் கண்டது. கடும் மனச்சோர்வில் உணவும் உறக்கமும் இழந்து கிடக்கும் ஒருவருக்கு அம்மிதமான பயன் உயிர்ப்பிச்சையாகவும் அமையலாம்.

இம்மருந்தினத்தின் இயல்பை அறியாமையால் விளையும் இன்னல்கள் பல. குமட்டல், தலைவலி, பதற்றம், உறக்கக் குலைவு ஆகியன முதல் நாள்களிலேயே தோன்றக்கூடும். பயனோ பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களின் பின்னரே தெரியவரும். இவ்விடைவெளியை முன்கூட்டிச் சொல்லாவிடின், ‘மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என நோயாளி அதனைக் கைவிடுவார். நோவுக்குக் கடையில் வாங்கும் இபுபுரோபன், அஸ்பிரின் போன்றவற்றுடன் சேருங்கால் குருதிக்கசிவு ஏற்படும் வாய்ப்பு மிகும். முதியோரில் குருதியின் சோடியம் குறைந்து மயக்கமும் தடுமாற்றமும் வரலாம். பால்வேட்கை குறைதலும் உறவின்பத் தடையும் பரவலானவை. இவற்றைத் தொடக்ககாலப் பரிசோதனைகள் மிகக் குறைவாகவே பதிந்தன. காரணம் எளிது: நோயாளரை நேரே கேட்கவில்லை. பின்னர் கேட்டபோது விகிதம் பன்மடங்காயிற்று. எமது சமூகத்தில் இதனை வைத்தியரிடம் வாய்விட்டுரைப்போர், அதிலும் பெண்கள், மிகச் சிலரே.

இளையோர் பற்றிய எச்சரிக்கைக்குப் பதினான்கு ஆண்டுகள் சென்றன. 1990இல் ஹாவர்ட் சார்ந்த வைத்தியர் சிலர், புளூவொக்செற்றின் உட்கொண்ட ஆறு நோயாளரில் தற்கொலை எண்ணம் தீவிரமாய் எழுந்ததைப் பதிந்தனர். மறுவருடம் கூடிய அமெரிக்க நிபுணர் குழு அதற்குச் சான்று போதாதென்றது. 2001இல் பரொக்செற்றின் வளரிளம் பருவத்தினருக்கு ஏற்றதென ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியாயிற்று. அதன் தலைப்பின்கீழ்ப் பேராசிரியர் பலரின் பெயர்கள் இருந்தன. முதல் வரைவை எழுதியவரோ கொம்பனி அமர்த்திய எழுத்தாளர். பிற்கால வைத்திய நூல்களை அகத்தியர் பெயரில் ஏற்றி மதிப்புத் தேடிய மரபை அறிந்த தமிழ் மாணவருக்கு இது வியப்பளிக்காது. அதே தரவுகளை 2015இல் சுதந்திரமான ஆய்வாளர் மீளப் பகுத்து, மருந்து அப்பருவத்தினருக்குப் பயன்தரவுமில்லை, பாதுகாப்பானதாகவுமில்லை என்றனர். இதற்கிடையில் 2004இல், 24 பரிசோதனைகளின் தொகுப்பு, தற்கொலை எண்ணமோ முயற்சியோ மருந்துண்ட சிறுவரில் நூற்றுக்கு 4, போலிக்குளிசை உண்டோரில் 2 எனக் காட்டிற்று. அவற்றில் எவரும் உயிரிழக்கவில்லை. கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கை அவ்வாண்டே கட்டாயமாயிற்று. 2007இல் 24 வயது வரை நீட்டப்பட்டது. மருந்து தொடங்கும் வாரங்களிலும் அளவு மாற்றும்போதும் வீட்டார் கவனமாயிருக்க வேண்டும் என்பதும், புதிய பதற்றமோ அமைதியின்மையோ தோன்றின் தாமதியாது வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும் என்பதும் இதன் பொருள்.

சொல்லாய்வாளர் தனித்து நோக்க வேண்டிய பகுதி மருந்தை நிறுத்துவது பற்றியது. திடீரென நிறுத்தியோர் தலைச்சுற்று, குமட்டல், எரிச்சல், மின்னதிர்வு போன்ற உணர்வு ஆகியவற்றுக்கு ஆளாயினர். போதைப்பொருளுக்கு வழங்கும் ‘விலகல்’ என்னும் பெயரைத் தவிர்த்து, ‘நிறுத்தல் நோய்க்குறித்தொகுதி’ என்னும் மென்சொல் 1990களின் பிற்பகுதியில் நிலைபெற்றது. அச்சொல்லைப் பரப்பிய நிபுணர் கூட்டத்துக்கு எலி லில்லி பண உதவி வழங்கியிருந்தது. அக்கொம்பனியின் மருந்து உடலில் நெடுநாள் தங்குவதால், ஏனையவற்றிலும் இத்தொல்லை அதிற் குறைவு என்பதும் உண்மை. பிரித்தானிய வழிகாட்டி இவை ஒரு வாரத்தில் தாமாகத் தணியும் என நெடுங்காலம் கூறிவந்து, நோயாளர் பலரது சாட்சியத்தின் பின் 2019இல் திருத்தப்பட்டது. சிலருக்கு அவை மாதக்கணக்கில் நீடிக்கும். எனவே அளவைப் படிப்படியாக, இறுதிப் படிகளை மிகச் சிறியனவாக வகுத்து, வைத்தியரின் மேற்பார்வையில் குறைக்க வேண்டும். நலமாயிற்று எனத் தாமே நிறுத்துவதும், விட்ட குளிசைக்கு ஈடாக இரண்டை ஒருங்கே உட்கொள்வதும் கூடா.

இப்பிரதி எமது நாட்டில் நோயாளரின் கைக்கு எட்டுகின்றதா? அரசாங்க ஆசுபத்திரிகளில் குளிசைகள் எண்ணிச் சிறு கடதாசி உறையிலிட்டே பொதுவாகக் கொடுக்கப்படுகின்றன. உறையின்மீது வேளையும் எண்ணிக்கையும் இருக்கும், துண்டுப்பிரசுரம் இராது. மருந்து பற்றிய தகவலை விற்போனின் கையிலிருந்து மீட்க வேண்டும் என்பதை இந்நாட்டிலே தெளிவுறக் கண்டவர் மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் அவர் சமர்ப்பித்த அறிக்கையின் வழியே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. தேவையான மருந்துகளை மட்டும், வணிகப் பெயர் நீக்கி, பொதுப்பெயரில் மலிவாகக் கொள்வனவு செய்வது அதன் நோக்கமாயிருந்தது. கொம்பனிகள் அதனை எதிர்த்தன. 1977இல் ஐக்கிய நாடுகள் பணிநிமித்தம் கயானா சென்றிருந்தபோது அவர் காலமானார்.

அவர் எழுப்பிய வினாவின் மறுபாதி 2022இன் பொருளாதார நெருக்கடியில் வெளிப்பட்டது. அந்நியச் செலாவணி வற்றியதால் அத்தியாவசிய மருந்துகள் பலவற்றுக்கு நாடெங்கும் தட்டுப்பாடு நேர்ந்தது. ‘திடீரென நிறுத்தற்க’ என்னும் வரி, அடுத்த மாதமும் அதே குளிசை கிடைக்கும் என்பதை முன்தீர்மானமாகக் கொண்டு எழுதப்பட்டது. மருந்தகத்தின் தட்டு வெறுமையாயிருக்கும்போது, அவ்வரியைப் பின்பற்றுவதோ மீறுவதோ நோயாளியின் விருப்பத்தைச் சார்ந்ததன்று.