மருத்துவக் கல்லூரியின் மூன்று வாயில்கள்

ஹைதராபாத்தில் வாழும் தமிழன்பர்கள், முசி ஆற்றங்கரையிலே குவிமாடங்களோடு எழுந்து நிற்கும் உஸ்மானியா மருத்துவமனையைப் பலமுறை கண்டிருப்பார்கள். 1908-இல் முசி பெருக்கெடுத்து நகரைச் சூறையாடிய பின்னர், 1925-இல் கட்டி முடிக்கப்பட்ட மாளிகை அது. அதனோடு இணைந்த மருத்துவக் கல்லூரியின் வரலாறோ அம்மாளிகையினும் முந்தியது. ஒரு கல்லூரி எத்தனை பட்டதாரிகளை உண்டாக்கிற்று என்று எண்ணிவிடுவது எளிது. யாருக்கெல்லாம் அது கதவைத் திறந்தது, யாரையெல்லாம் வாயிலிலேயே நிறுத்தியது என்னும் கேள்விக்கு விடை காண்பது அத்துணை எளிதன்று. ஆயினும் கல்லூரியின் தகுதி அவ்விடையிலேதான் அடங்கியிருக்கிறது. மொழி, பால், ஊர் என்னும் மூன்று வாயில்களின் வழியே அவ்வரலாற்றை இங்கு நோக்குவோம்.

முதலாவது மொழி. 1846-இல் நான்காம் நிஜாமின் ஆட்சியில், ஆங்கிலேய ரெசிடெண்டாக விளங்கிய பிரேசரின் ஊக்கத்தால், ஹைதராபாத் மருத்துவப் பள்ளி தோன்றியது. டாக்டர் மக்லீன் அதன் முதல் தலைவர். 1835-இல் தொடங்கிய சென்னை மருத்துவப் பள்ளியில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. ஹைதராபாத்திலோ மேனாட்டு மருத்துவத்தை உருது மொழியிலே கற்பித்தனர். உடற்கூறு கற்க விழையும் இளைஞன், அதற்கு முன் அயல்மொழி ஒன்றைக் கற்பதிலே பல்லாண்டுகளைச் செலவிட வேண்டியதில்லை என்னும் நிலை அங்கே இருந்தது. இதையொத்த முயற்சி தமிழுலகிலும் நிகழ்ந்ததை நாம் பெருமையோடு நினைவுகூரலாம். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தம் மாணாக்கருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கியும் தந்தார்.

இரண்டாவது வாயில் பெண்களுக்குரியது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-இல் மேரி ஷார்லீப் முதலிய நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. பத்தாண்டு கழித்து, எட்வர்டு லாரி என்பவர் தலைவராயிருந்தபோது, ஹைதராபாத் பள்ளியும் பெண்களை ஏற்றது. அவர்களுள் ஒருவர் பார்சி குலத்து நங்கையான ரூபாபாய் பர்துன்ஜி. 1889-இல் தேர்ச்சி பெற்ற இவ்வம்மையார், உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர்களுள் ஒருவர் எனப் போற்றப்படுகிறார்.

அக்காலத்தில் அறுவை மருத்துவத்துக்குக் குளோரோபார்ம் தருவதிலே பெரும் விவாதம் எழுந்திருந்தது. அம்மருந்தால் நேரும் மரணத்தில் முதலில் நிற்பது இதயமா, மூச்சா என்பதே வினா. 1888, 1889 ஆகிய ஆண்டுகளில் ஹைதராபாத்தில் அமைந்த இரு ஆய்வுக்குழுக்கள் இதை ஆராய்ந்தன. பொருளுதவி நிஜாம் அரசுடையது. இரண்டாம் குழுவுக்கு இலண்டனிலிருந்து லாடர் பிரண்டன் என்னும் அறிஞரும் வந்தார். மூச்சே முதலில் நிற்கிறது என்று அவர்கள் முடிவு கூறினர். இதயம் திடீரென நிற்பதும் உண்டு என்று பின்னாளைய ஆராய்ச்சி அதனைத் திருத்தியது. முடிவு திருந்தினாலும், உள்நாட்டுப் பள்ளியொன்று உலக மருத்துவ விவாதத்தில் இடம்பெற்றது சிறிய செய்தியன்று. 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டியை நாம் அறிவோம். அவர் நடந்த பாதையில் அவருக்கு முன்னரே கால் பதித்தவர் ரூபாபாய்.

1918-இல் உஸ்மானியா பல்கலைக்கழகம் பிறந்தது. உயர்கல்வி முழுவதையும் இந்திய மொழியொன்றில் தரத் துணிந்த அப்பல்கலைக்கழகத்துக்கென மொழிபெயர்ப்புத் துறையொன்று முந்திய ஆண்டிலேயே அமைந்திருந்தது. மருத்துவ நூல்களும் உருதுவில் வெளிவந்தன. எனினும் இங்கே ஓர் உண்மையை மறைத்தலாகாது. நிஜாமின் நாட்டு மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தெலுங்கர். மராத்தியரும் கன்னடரும் பலர். உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டோர் சிறுபான்மையினரே. ஆகவே ஆங்கிலம் அறியாதவனுக்குக் கதவு திறந்த அதே உருது, சிற்றூர்த் தெலுங்குச் சிறுவனுக்குத் தாழ்ப்பாளாகவும் இருந்தது. 1948-இல் ஹைதராபாத் இந்திய ஒன்றியத்தில் இணைந்த பின்னர் உருதுவின் இடத்தை ஆங்கிலம் பெற்றது. தாழ்ப்பாள் மாறிற்று, நீங்கிவிடவில்லை.

மூன்றாவது வாயில் ஊர். இடங்கள் போதாமையால் 1954-இல் காந்தி மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. கல்லூரிகள் பெருகியபோது, அவற்றின் இடங்கள் எவ்வூர் மாணவருக்கு உரியவை என்னும் வழக்கும் வளர்ந்தது. அரசியலமைப்பின் 371-ஈ பிரிவின் கீழ் 1974-இல் வெளிவந்த குடியரசுத் தலைவர் ஆணை, அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் 85 விழுக்காடு இடங்களை அந்தந்த வட்டாரத்து மாணவருக்கு ஒதுக்கியது. வட்டாரத்து மாணவர் யாவர் என்பதற்கு அவ்வாணை தாய்மொழியை அளவுகோலாகக் கொள்ளவில்லை. அங்கே தொடர்ந்து கற்ற ஆண்டுகளையும் வாழ்ந்த ஆண்டுகளையுமே கொண்டது. படையோடும் இரயிலோடும் செகந்திராபாத்துக்கு வந்து குடியேறிய தமிழரின் பிள்ளைகளுக்கு இது பெரும் துணை. அங்கே பிறந்து, அங்கேயே பள்ளியில் படித்த தமிழ்ப்பிள்ளை, அவ்வாணையின் கண்ணில் அவ்வூர்ப் பிள்ளையே. ஆனால் தந்தையின் பணிமாற்றத்தால் ஊர் ஊராகச் சென்று படித்த பிள்ளைக்கு அதே அளவுகோல் இடர் விளைத்தது என்பதையும் நம்மவர் அறிவர்.

இவ்வளவும் ஏன் ஆராய வேண்டும்? மருத்துவப் பட்டத்தின் பயன் இறுதியில் நோயாளியின் படுக்கையருகேதான் விளங்குகிறது. வலி எங்கே, எப்போது, எத்தன்மைத்து என்பதை மனிதன் தன் தாய்மொழியிலேதான் நன்கு சொல்லுகிறான். திரைமறைவில் வாழ்ந்த பெண், தன் நோயைப் பெண் மருத்துவரிடமே மனம் விட்டுக் கூறினாள். ஆதலின் பல மொழியாரும், ஆண் பெண் இருபாலாரும், நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஒரே வகுப்பில் அமர்ந்து கற்பது மாணவருக்கு மட்டும் நன்மையன்று. நாளை அவர்களை நாடிவரும் நோயாளிக்கு அது முதல் மருந்தாகும்.

அயல் மாநிலத்தில் வாழும் நாம், நம் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் இடம் கேட்கும்போது, வாழும் ஊரின் மொழியையும் அவர்களுக்குக் கற்பித்தல் கடமை. தெலுங்கும் உருதுவும் பேசத் தெரிந்த தமிழ் மருத்துவரே அந்நகருக்கு நாம் அளிக்கத்தக்க நற்கொடையாவார்.