சங்கப் பாடல்களில் உழாது பெறும் உணவு

சங்கப் பாடல்களில் வரும் கிழங்கு, கீரை, காட்டுநெல் பற்றிய குறிப்புகளை எல்லாம் பழைய சேகரிப்பு வாழ்வின் எச்சமென ஒரே தொகுதியாக்குவது எளிது. எனினும் பாடற்சூழல் அதற்கு இடந்தருவதில்லை.

மூவேந்தர் பறம்பை முற்றியிருந்தபோது கபிலர் பாடிய புறநானூற்றுப் பாடல் (109), உழவர் உழாமலே அம்மலை தரும் நான்கு பயன்களை எண்ணுகிறது: மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். இங்குச் சேகரிப்பு வறுமையின் அடையாளமன்று, அரண். விளைநிலத்தை மறித்துப் பணியவைக்கும் முற்றுகை உத்தி பறம்பில் செல்லாது.

சிறுபாணாற்றுப்படை காட்டும் நிலை வேறு. கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவடைத்துச் சுற்றத்தோடு உண்கிறாள். பெருஞ்சித்திரனார் குமணனைப் பாடிய பாடலிலும் (புறம். 159) குப்பைக்கீரை உப்பின்றியே வேகிறது. இவ்வுப்பின்மையை வறுமையின் மிகைக்கூற்றாக மட்டும் கொள்ளல் தகாது. கீரை எவர்க்கும் கிடைக்கும். உப்போ உமணரிடம் நெல் கொடுத்துப் பெறவேண்டிய பண்டம். கிணைமகளின் நாணம் கீரை பறித்ததனால் மட்டும் எழுந்ததன்று. மாற்றுவதற்கு நெல் இல்லாத வீடு அது.

ஒக்கூர் மாசாத்தனாரின் ஆம்பற்பாடல் (புறம். 248) இவ்விரண்டிலும் அடங்காது. அதன் தலைவி வளம்மிக்க கணவனை இழந்தவள். இளமையில் தழையாடையாக அணிந்த ஆம்பலே இப்போது வேளை தவறி உண்ணும் அல்லியரிசியைத் தருகிறது. இவ்வுணவை அவள்மேல் சுமத்தியது பசியன்று, கைம்மை நோன்பு.