வயல்காட்டுச் சாரையின் வரலாறு



சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் அறுவடைக் காலத்தில் வயலில் அடிபட்டுச் சாகிற பாம்புகளில் சாரையும் ஒன்று. அதற்கு விஷம் இல்லை என்பது அடித்தவருக்கும் தெரியும். கேட்டால், "இருந்தாலும் பாம்புதானே சார்" என்பார். அந்தச் சாரையின் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

சாரை பகலில் இரை தேடும் பாம்பு. ஆறடிக்கு மேலும் வளரும். எலி, தவளை, பறவைக் குஞ்சு எல்லாம் தின்னும். இரையைத் தாடையால் கவ்வி, உடம்பால் தரையோடு அழுத்தி விழுங்கும். நாம் கிட்டி வைத்துப் பிடிக்கும் எலியை இது வளைக்குள்ளேயே போய்ப் பிடித்துவிடும். தப்ப வழியில்லாமல் மடக்கினால் கழுத்தை உப்பி உறுமும். அதைப் பார்த்து நல்லபாம்பு படமெடுக்கிறது என்று பயந்து அடிப்பவர்கள் உண்டு.

சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758-இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய பாட்ரிக் ரஸ்ஸல் என்ற மருத்துவர், நம் கடலூர் அடங்கிய இதே சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி 1796-இல் வண்ணப் படங்களுடன் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். எது விஷமுள்ளது, எது இல்லாதது என்று மக்கள் பிரித்தறிய வேண்டும் என்பதே அவர் நோக்கம். கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயரில் இருப்பது இவர் பெயர்தான். அவர் நூல் வந்து 200 ஆண்டு கடந்துவிட்டது. அந்தப் பாடம் இன்னும் நம் வரப்பு வரை வந்து சேரவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் சாரைக்கு வேறொரு ஆபத்து வந்தது. அதன் தோல் நீளமானது, உறுதியானது. கைப்பை, செருப்பு, பர்ஸ் செய்ய வெளிநாடுகளுக்கு ஏராளமாக ஏற்றுமதியானது. தமிழ்நாட்டில் இருளர் மக்கள் பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். லாபம் வியாபாரிகளுக்குப் போனது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. பிழைப்பை இழந்த இருளர்களுக்காக, ரோமுலஸ் விட்டேக்கர் முயற்சியால் 1978-இல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. அங்கே விஷப் பாம்புகளைக் கொல்லாமல் விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். பாம்புக்கடி மருந்து தயாரிக்க அந்த விஷம்தான் பயன்படுகிறது. இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

சட்டம் தோல் ஏற்றுமதியை நிறுத்தியது. வயலில் விழும் தடியை நிறுத்த நம்மால்தான் முடியும். சாரை ஆண், நல்லபாம்பு பெண் என்றும், இரண்டும் பின்னிப் பிணையும் என்றும் நம் ஊரில் சொல்வார்கள். அது உண்மையில்லை. சாரையில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. வேட்டியை மேலே போர்த்திப் பூஜை அறையில் வைக்கிறோமே, அப்படிப் பிணைந்து நிற்பவை பெரும்பாலும் சண்டை போடும் இரண்டு ஆண் சாரைகள். பாம்பு உடல் கொண்ட பதஞ்சலியைத் தில்லையில் கும்பிடுகிறோம். வீட்டுக்கு வந்து சாரையை அடிக்கிறோம்.

எலி தின்னும் பாம்பை அடித்துவிட்டு எலிக்கு விஷம் வைக்கிறோம். அந்த விஷத்தில் எலியோடு ஆந்தையும் நாயும் சேர்ந்து சாகின்றன. எலி மறுபடி பெருகுகிறது. ஆந்தையும் சாரையும் அவ்வளவு சீக்கிரம் திரும்பி வருவதில்லை.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். வயலில் பாம்பைப் பார்த்தால் நின்று, விலகி, வழி விடுங்கள். வீட்டுக்குள் வந்தால் தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ கூப்பிடுங்கள். எந்தப் பாம்பு என்று உறுதியாகத் தெரியாமல் தொட வேண்டாம். எது கடித்தாலும் மந்திரம் பார்க்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். இந்த விஷயத்தைப் பேரப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.