பைத்துக்காரரோடு நாகூருக்கு

கிழக்கிலங்கை முஸ்லிம்கள் வெளிநாடு போன கதையை எழுதுகிறவர்கள் மக்காவில் தொடங்குவார்கள், எழுபதுகளுக்குப் பிந்திய வளைகுடா வேலைக்கு வந்து முடித்துவிடுவார்கள். நடுவில் ஒரு பயணம் விடுபட்டுக் கிடக்கிறது. ஹஜ்ஜுக்குப் போக வசதியில்லாத மீன்பிடிகாரரும் வயல்காரரும் மருதமுனை நெசவுக்காரரும் கடல் தாண்டிப் பார்த்த ஊர் என்றால் அது நாகூர்தான். அவர்களைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் றபான் தட்டிப் பைத்து என்ற பக்திப் பாட்டைப் பாடும் பாவாமார். இந்தப் பயணத்தை வெறும் நேர்ச்சைப் பயணம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எங்கள் ஆட்கள் உலகத்தைப் பார்க்கப் பழகியதே அந்தப் பாட்டுக் கூட்டத்தோடு போய்த்தான் என்பது என் எண்ணம்.

நாகூர் ஏன் என்பது கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியைக் கண்டவர்களுக்கு விளங்கும். பதினாறாம் நூற்றாண்டில் நாகூரில் வாழ்ந்து மறைந்த ஷாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரில் அமைந்த தர்ஹா அது. உள்ளே கபுறு கிடையாது, நினைவிடம் மட்டும்தான். ஓட்டை விழுந்து தாழப்போன கப்பலை ஆண்டகை கரையில் இருந்தபடியே முகம் பார்க்கும் கண்ணாடியை எறிந்து அடைத்துக் காப்பாற்றினார் என்பது கடலோடிகள் சொல்லிவந்த கறாமத்து. அதனால் தமிழ் முஸ்லிம் கப்பல்காரர் கரையேறிய துறைகளில் அவருக்கு ஒரு நினைவிடம் எழும்பியது. சிங்கப்பூர் தெலுக் ஆயர் வீதியில் இருப்பது 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டியது. பினாங்கில் சூலியா வீதியில் இன்னொன்று இருக்கிறது. அவை இரண்டும் நகரத்துக் கட்டடங்களுக்கு நடுவே நிற்கின்றன. எங்களுடையது மணலில், தோணி இழுத்துப் போடும் இடத்துக்குப் பக்கத்தில். ஜமாதுல் ஆகிர் பிறை கண்டதும் கொடி ஏறும். பன்னிரண்டாம் நாள் கந்தூரிச் சோறு கொடுத்துக் கொடி இறக்குவார்கள். இருநூறு கொடியேற்றம் தாண்டியாயிற்று. அதே பிறைக்கு நாகூரிலும் மினாராக்களில் கொடி ஏறும். ஆகவே பாவாமார் இரண்டாகப் பிரிவார்கள். ஒரு பகுதி ஊர்க் கொடிக்கு நிற்கும், மற்றப் பகுதி முன்கூட்டியே நாகூருக்குப் புறப்படும்.

பாவாமார் என்றால் பலருக்கு றிபாய் ராத்தீபின் குத்துவெட்டுத்தான் நினைவுக்கு வரும். கம்பியையும் வாளையும் பற்றி வெளியூர் ஆராய்ச்சிக்காரரும் நிறைய எழுதிவிட்டார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது அவர்களுடைய பாட்டு. என் மூத்தாப்பா வயல்காரர், காதிரிய்யா வழியில் பைஅத் வாங்கியவர். வேளாண்மை வெட்டி முடிந்ததும் அவர் பச்சைத் தலைப்பாகை கட்டிவிடுவார். அவருடைய றபான் பலாமரச் சட்டத்தில் ஆட்டுத்தோல் இழுத்தது. சட்டத்தில் வெட்டிய துளைகளில் பித்தளைச் சில்லுகள் கோத்திருக்கும். கடல் காற்று பட்டால் தோல் தொய்ந்து சத்தம் அடைத்துப் போகும். பொச்சுமட்டையைக் கொளுத்தி, தோலைத் தணலுக்கு நேரே பிடித்துச் சுற்றிக்கொண்டே, இடைக்கிடை விரலால் சுண்டிப் பார்ப்பார். கணீரென்று வந்ததும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். கூட்டத் தலைவரான கலீபா ஓர் அடியை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். மூத்தாப்பா எடுத்துக் கொடுக்கிறவர் அல்ல, வாங்கிப் பாடுகிறவர். நெஞ்சிலிருந்து வரும் தடித்த குரல் அவருக்கு. அது இல்லாத இரவில் பைத்தின் அடிப்பக்கம் காலியாகத் தெரியும் என்று கலீபாவே சொல்லுவார்.

அவர் என்னையும் கூட்டிக்கொண்டு போனது 1963 ஒக்டோபரில். எனக்குப் பதினொரு வயது. பாவாமாருக்குப் பின்னால் நாலைந்து குடும்பங்கள் வந்தன. அதில் பெண்களும் இருந்தார்கள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். வீடும் வளவும் பெண்ணின் பெயரில் இருக்கும் ஊர் எங்களுடையது. அந்த வீட்டை விட்டு அக்கரைப்பற்றுக்குப் போய்வருவதே பெரிய பயணம் என்று இருந்தவர்கள் அந்தப் பெண்கள். பன்பாய் இழைத்து, விற்ற காசைத் துணியில் முடிந்து வைத்து, அந்தக் காசில் இந்தியா பார்த்தார்கள். பாவாமார் கூட்டம் என்றால் ஊரில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். வழி தெரிந்த கூட்டம், தஸ்பீஹும் பைத்துமாகப் போகிற கூட்டம்.

கல்முனையிலிருந்து பஸ்ஸில் கல்லடிப் பாலம் தாண்டி மட்டக்களப்பு. அங்கே ரயில் ஏறி மாகோச் சந்தியில் இறங்கி வடக்கு வண்டிக்கு மாற வேண்டும். மதவாச்சியில் தலைமன்னார்ப் பாதை பிரியும். இரவெல்லாம் மூட்டைமேல் தூங்கி எழும்பியதால் எனக்கு இந்தச் சந்திகளில் மிஞ்சியது மண்ணெண்ணெய் விளக்கும் வடைக்காரரின் குரலும்தான். தலைமன்னார் இறங்குதுறையில் கப்பல் நின்றது. அந்தப் பாதையில் ‘இர்வின்’, ‘கோஷன்’ என்று இரண்டு கப்பல்கள் ஓடின. தனுஷ்கோடிக்கு இருபத்திரண்டு மைல்தான். கப்பல் தளத்தில் பாவாமார் பாட உட்கார்ந்தார்கள். உப்புக் காற்றில் ஒரு றபானும் பேசவில்லை. கைதட்டியே பாடினார்கள். தனுஷ்கோடியில் இறங்கி, சுங்கத்தில் மூட்டையெல்லாம் அவிழ்த்துக் காட்டி முடிந்ததும், மூத்தாப்பா முதலில் தேடியது தேத்தண்ணிக் கடையின் அடுப்பை. கடைக்காரரிடம் கேட்டு, அந்தத் தணலில் ஒவ்வொரு றபானாகக் காய்ச்சினார்கள். பார்க்கக் கூடிய சனத்துக்கு அங்கேயே ஒரு பைத்துப் பாடியும் காட்டினார்கள்.

பாம்பன் பாலத்தை நான் பார்த்ததும் அன்றுதான். 1914இல் திறந்த பாலம். கப்பல் போக நடுவில் இரண்டு பக்கமும் மேலே தூக்கிக்கொள்ளும் பாலமாக அது இருந்தது. ரயில் மெதுவாக ஊர்ந்தது. “பயப்படாத மனெ, பாலத்தால போகக்குள்ள கடல் கீழதான் கிடக்கும், எழும்பி வராது” என்றார் மூத்தாப்பா. பெண்கள் ஸலவாத்துச் சொல்லிக்கொண்டே யன்னலை விட்டு நகரவில்லை.

தஞ்சாவூரில் நாகூர் வண்டிக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவேளையில் எல்லாரையும் பெரிய கோயில் பார்க்கக் கூட்டிப்போனார் கலீபா. இதைச் சொன்னால் இன்று சிலர் நெற்றி சுருக்குவார்கள். அன்று அது யாருக்கும் உறுத்தவில்லை. இருநூறு அடிக்குமேல் உயர்ந்த கோபுரத்தை மதிலுக்கு வெளியே நின்று பார்த்தோம். கல்லை எப்படி மேலே ஏற்றியிருப்பார்கள் என்பதுதான் வயல்காரர்களுக்குள் வாதம். நாகூரில் அதே ஆச்சரியம் வேறு விதமாக வந்தது. ஐந்து மினாராக்களில் பெரியது 131 அடி. அதைக் கட்டுவித்தவர் 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய அரசர் பிரதாப சிங். “ராசா நம்மட ஆளில்லையாம், ஆனா மினாரா கட்டிக் குடுத்திருக்காரு” என்று மூத்தம்மா ஊருக்கு வந்தபிறகும் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தா.

பாட்டின் பயன் நாகூரில்தான் முழுதாகத் தெரிந்தது. கந்தூரிக்கு எத்தனையோ ஊர்ப் பக்கீர்மார் வந்து கூடியிருந்தார்கள். எங்கள் பாவாமார் போய் உட்கார்ந்து ஒரு பைத்து எடுத்ததும் இடம் கிடைத்தது, சாப்பாடு வந்தது, எங்கள் குடும்பங்களுக்குத் தங்கத் திண்ணையும் கிடைத்தது. குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) பாடிய பாடல்கள் இரண்டு கரைக்கும் பொது. சொல் ஒன்றாக இருந்தாலும் நடை வேறு. எங்கள் ஆட்கள் இழுத்துப் பாடுவார்கள், அவர்கள் விரைந்து தட்டுவார்கள். முதல் இரவு இரண்டு கூட்டமும் முட்டிக்கொண்டன. மறுநாள் பகலில் கலீபாவும் ஒரு நாகூர்ப் பக்கீரும் ஷிபா குளத்தங்கரையில் உட்கார்ந்து, தொடையில் தட்டித் தட்டி ஒரு நடைக்கு வந்தார்கள். பத்தாம் இரவு நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு வந்தபோது இரண்டு கரையும் சேர்ந்து பாடியது. என் அறுபது வருட நினைவில் அதற்கு மேலான சத்தம் இல்லை.

பகல் முழுவதும் ஊர் பார்ப்பதுதான் வேலை. ஆண்டகை தவமிருந்த சில்லடிக் கடற்கரை, வாஞ்சூர், பிறகு பஸ்ஸில் நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. இறால் வைத்துச் சுட்ட நாகூர் வாடாவை முதல் கடியிலேயே எங்கள் பெண்கள் படித்துக்கொண்டார்கள். தர்ஹா வாசலில் கை, கால், கண், தோணி என்று தகட்டில் அடித்த உருக்களை விற்பார்கள். நோய் தீர வேண்டியவர் அந்த உறுப்பை வாங்கி நேர்ச்சை கொடுப்பார். எங்கள் கூட்டத்து மீன்பிடிகாரர் ஒரு தோணித் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அணியம் சரியில்லை, இந்தத் தோணி ஓடாது என்று கடைக்காரரோடு வாதாடி, கடைசியில் நல்லதாக ஒன்றைத் தேடி எடுத்துத்தான் காசு கொடுத்தார்.

அடுத்த ஆண்டு டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து போன ரயிலையும் அலை கொண்டுபோனது. பிறகு ராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடியது, ‘ராமானுஜம்’ என்ற கப்பலை இன்னும் பலர் சொல்வார்கள். ஆனால் எழுபதுகளின் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு பன்பாய்க் காசில் போகிறவர்களைத் தடுத்தது. எண்பதுகளில் போர் வந்து கப்பலும் நின்றது. தர்ஹாவும் றபானும் மார்க்கத்துக்கு ஆகாது என்ற பேச்சு ஊருக்குள் வலுத்ததும் அதே காலத்தில்தான். மார்க்கத்தைப் பற்றிய வாதத்தில் நான் இறங்கவில்லை. அந்த வாதத்தோடு சேர்ந்து பாட்டுகளும் போய்விட்டதே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. மூத்தாப்பா மௌத்தானபோது அவருடைய றபானைக் கேட்டு வாங்க ஒருவரும் வரவில்லை.

2004 டிசம்பர் 26 காலையில் ஒரே கடல் கல்முனைக்குடியையும் நாகப்பட்டினக் கரையையும் அடித்தது. சுனாமிக்குப் பிறகு, பாதிக்கப்பட்ட கரைகளின் இசையைத் தேடிப் போன ‘லாயா புராஜெக்ட்’ குழு நாகூர்ப் பக்கீர்மாரைப் பாட வைத்துப் பதிவு செய்தது. அதிலிருந்து ‘நாகூர் செஷன்ஸ்’ என்ற தனித் தொகுப்பும் வந்தது. அதைக் கேட்டபோது அந்த விரைந்த தட்டு உடனே பிடிபட்டது. எங்கள் இழுவை நடையும் இப்படிப் பதிவாக வேண்டும் என்ற எண்ணம் அன்று வந்தது.

இப்போது காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் விட்டிருக்கிறார்கள். 2023 ஒக்டோபரில் தொடங்கிச் சில நாளில் நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடியது. நாலு மணித்தியாலப் பயணம். இறங்கினால் நாகூர் கூப்பிடு தூரம். தெருப் பொடியன்கள் சிலர் போய்வர ஆசைப்படுகிறார்கள், வழி கேட்டு என்னிடம் வருகிறார்கள். வழியைச் சொல்லிவிட்டு, பைத்துத் தெரியுமா என்று நானும் கேட்கிறேன். தெரியாது என்றவர்களை, அன்று கலீபாவோடு சின்னப் பையனாக வந்து இப்போது முதுமையில் இருக்கும் ஒரு பாவாவின் வீட்டுக்கு அனுப்புகிறேன். அவர் வியாழன் அஸருக்குப் பிறகு சொல்லிக் கொடுக்கிறார், பையன்கள் தொலைபேசியில் பதிகிறார்கள். நடையை எக்காரணம் கொண்டும் விரைவாக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டாராம்.