நெஞ்சின் படபடப்புக்கு ஒரு வரலாறு



நள்ளிரவில் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரல்கள் மரத்துப்போய், உயிர் பிரியப்போகிறது என்றே எண்ணி ஆவடிக்கு ஆட்டோ பிடித்து ஓடுகிறவர்கள் நம் வெள்ளானூரிலும் உண்டு. இசிஜி எடுத்த மருத்துவர் இருதயத்தில் பழுதில்லை என்று அனுப்பிவிடுகிறார். வீடு திரும்பினால், பேய்க்கோளாறு என்கிறார் ஒருவர். விசுவாசக் குறைவு என்கிறார் மற்றொருவர். இந்த இரண்டாவது சொல்லே ஆழமாகக் காயப்படுத்துகிறது. கோலியாத்தை வீழ்த்திய தாவீதின் பெயரில் உள்ள 55ஆம் சங்கீதம் இருதய வியாகுலத்தையும் நடுக்கத்தையும் மறைக்காமல் பேசுகிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

அச்சம் உடலில் தோன்றும் என்பதைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்வு மெய்யில் புலப்படுவதை எட்டாக வகுத்து, அவற்றுள் அச்சத்தையும் வைக்கிறது. அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இவை யாவும் அஞ்சுவதற்கு ஒரு பொருள் எதிரே உள்ள அச்சங்கள். எதிரே ஒன்றுமில்லாதபோதும் உடல் நடுங்குவது ஏன்?

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பிலடெல்பியாவில் ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவரிடம் படைவீரர்கள் பலர் வந்தனர். படபடப்பு, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் ஆகியவை அவர்களுடைய முறையீடுகள். ஆயினும் பெரும்பாலோரின் இருதயத்தில் உறுப்புக்கேடு எதுவும் தென்படவில்லை. முந்நூறுக்கும் மேற்பட்டோரைக் கவனித்து அவர் 1871இல் கட்டுரை வெளியிட்டார். எளிதில் கிளர்ச்சியுறும் இருதயம் என்ற பொருளில் அந்நிலைக்குப் பெயரிட்டார். அதே 1871இல்தான் சென்னை மனநல மருத்துவமனை கீழ்ப்பாக்கத்தில் திறக்கப்பட்டது. அந்த ஊர்ப்பெயரை இன்றும் வசைச்சொல்லாக வழங்குகிறோம். மருத்துவரைத் தேடிப்போக நம் மக்கள் கூசுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் உலகப்போரில் இத்தகைய வீரர்கள் மீண்டும் பெருகினர். 'படைவீரர் இருதயம்' என்ற பெயர் நிலைத்தது. அக்காலத்தில், 1915இல், வால்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர் அச்சமும் சினமும் உடலில் விளைவிக்கும் மாற்றங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அச்சவேளையில் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி அட்ரினலினை இரத்தத்தில் கலக்கிறது, இருதயம் விரைகிறது, போரிடவோ ஓடவோ தசைகள் ஆயத்தமாகின்றன. ஓடவேண்டிய தேவையே இல்லாத படுக்கையறையிலும் இது நிகழக்கூடும் என்பதே துயரம். அளவுக்கு மிஞ்சி மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல்களும் உதடுகளும் மரத்துப்போவதும் தலை சுற்றுவதும் அதனால்தான்.

1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைத் தனி நோயாக வரையறுத்தது. பன்னிரண்டு அறிகுறிகளில் நான்கேனும் தோன்றவேண்டும் என்றது. வியர்வை, நடுக்கம், தொண்டை அடைப்பு முதலியவற்றோடு, செத்துவிடுவோமோ, புத்தி பேதலித்துவிடுமோ என்ற திகிலும் அப்பட்டியலில் உண்டு.

பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்தை எட்டி, பின்பு அது தானே தணியும். எனினும் முதல்முறை நெஞ்சு வலித்தால் இருதயத்தைப் பரிசோதிப்பதே முறை. பழுதில்லை என்று தெரிந்தபின்னும் அது திரும்பத் திரும்ப வந்தால், மனநல மருத்துவரிடம் மருந்தும் உண்டு, பேச்சுவழிச் சிகிச்சையும் உண்டு. தனியே போகக் கூசுகிறவர் சொல்லியனுப்பினால் நான் உடன் வருகிறேன்.