கடுகண்ணாவையும் கணினியும்

கண்டிக்கு இருப்புப் பாதை வந்தது 1867 இல். அப்பாதையில் கொழும்பு நோக்கி இறங்குவோர் கடுகண்ணாவையைக் கடப்பர். அங்கு 2014 இல் திறக்கப்பட்ட புகையிரத நூதனசாலையில், ஓய்வு பெற்ற இயந்திரங்கள் நிற்கின்றன. நீராவி இயந்திரம் ஓடுங்காறும் நிலக்கரி வேண்டும், நீர் வேண்டும், பழுது பார்க்கத் தெரிந்த கைகளும் வேண்டும். பயன் குறைந்தாலும் இச்சுமை குறைவதில்லை.

கணினிக்குள்ளும் இதே நிலைதான். பணிசெயல் முறைமையின் உட்கருவைக் கெர்னல் என்பர். சாதனங்களை இயக்கும் செலுத்தி நிரல்கள் பல அதனுள் அடங்கும். 1991 இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 386 என்னும் செயலி கொண்ட கணினியிலேயே லினக்ஸ் கெர்னலை எழுதத் தொடங்கினார். அந்த 386க்கான ஆதரவு, 2013 இல் வெளிவந்த 3.8 ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. பல செயலிகள் சேர்ந்து இயங்குவதற்கான அடிப்படை நிரலை மாற்றும்போதெல்லாம் அப்பழைய செயலி கூடுதல் வேலை தந்ததே காரணம். இட்டானியம் செயலிக்கான ஆதரவும் 2024 இல் வெளிவந்த 6.7 ஆம் பதிப்பில் விடைபெற்றது.

ஆயினும் நீக்குதல் எளிய செயலன்று. பழைய கருவியொன்றையே நம்பித் தொழில் செய்வோர் எங்கேனும் இருக்கலாம். செலுத்தி நிரல் மறைந்தால், புதிய பதிப்பில் அவர் கருவி ஊமையாகிவிடும். ஆகவே, "இதனைப் பயன்படுத்துவோர் உளரா?" என்று முதலில் வினவுவது அங்கு வழக்கம். ஒருவர் முன்வந்து பராமரிப்பையும் ஏற்பாராயின் நிரல் பிழைத்துக்கொள்ளும். ஒருவரும் வாராவிடின் விலகும். விலகிய நிரலும் அழிவதில்லை. பழைய பதிப்புகளில் அது பத்திரமாக இருக்கிறது, வேண்டுவோர் மீட்டுக்கொள்ளலாம். கடுகண்ணாவையில் நிற்கும் இயந்திரங்களைப் போல அதுவும் பாதையை விட்டு விலகியிருக்கிறது, அவ்வளவே.