பகிர்வு வழக்கமும் பகிர்வுக் கொள்கையும்: எம்.ஐ.டி. ஹேக்கர் மரபு, 1958–1989

தொடக்ககால ஹேக்கர் பண்பாட்டைச் சில நெறிகளின் விளைவாகக் காண்பது வழக்கம். தகவல் தடையின்றிக் கிடைக்க வேண்டும், அதிகார மையங்களை நம்பலாகாது முதலிய அந்நெறிகளைப் பத்திரிகையாளர் ஸ்டீவன் லெவி தொகுத்து வெளியிட்டது 1984இல்தான். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) நிரல்களைப் பகிரும் வழக்கமோ அதற்குக் கால் நூற்றாண்டு மூத்தது. அவ்வழக்கம் வேலைச் சூழலில் பிறந்தது; சூழல் குலைந்த பிறகே கொள்கையாக வடிவம் பெற்றது.

1950களின் இறுதியில் அங்கிருந்த ஐ.பி.எம். 704 கணினியை மாணவர்கள் தொட முடியாது. துளையட்டைகளைப் பணியாளரிடம் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருக்க வேண்டும். 1958இல் லிங்கன் ஆய்வகத்திலிருந்து வந்த டிஎக்ஸ்-0 கணினியிலோ நேரே அமர்ந்து நிரலை ஓட்டலாம், பிழையை அங்கேயே திருத்தலாம். எம்.ஐ.டி.யின் மாதிரி ரயில் சங்க மாணவர்களுக்கு இதில் இடமளித்தவர் சங்கத்தின் முன்னாள் உறுப்பினர் ஜாக் டென்னிஸ். தொலைபேசி ரிலேக்களைக் கொண்டு ரயில்பாதைக்கு மின்சுற்று அமைத்துவந்த அவர்களுக்கு, ஒருவர் செய்ததை இன்னொருவர் மேம்படுத்துவது பழகிப்போன ஒன்று.

1961இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் பிடிபி-1 கணினியை நன்கொடையாக வழங்கியது. 1962இல் அதில் உருவான ‘ஸ்பேஸ்வார்’ விளையாட்டு பகிர்வு நடந்த விதத்தைக் காட்டுகிறது. முதன்மை நிரலை ஸ்டீவ் ரஸ்ஸல் எழுதினார். அதற்குத் தேவைப்பட்ட சைன், கோசைன் கணக்கு நிரல்களை ஆலன் கோட்டாக் டிஜிட்டல் நிறுவனத்திடமிருந்து பெற்றுவந்தார். பின்னணிக்கு உண்மையான விண்மீன் வரைபடத்தை பீட்டர் சாம்சன் சேர்த்தார். நடுவிலுள்ள விண்மீனுக்கு ஈர்ப்புவிசையை டான் எட்வர்ட்ஸ் அளித்தார். கணினியின் வேகம் போதாததால் அவ்விசை கப்பல்களை மட்டும் இழுத்தது, ஏவுகணைகளைத் தொடவில்லை. நிரலை விற்கச் சந்தையும் இல்லை. மற்றவர் எழுதியதை எடுத்தாள்வதே இத்தகைய சூழலில் சிக்கனமான வழி.

பற்றாக்குறை மட்டுமே காரணம் என்றால், அதே வளாகத்தின் சிடிஎஸ்எஸ் என்னும் நேரப்பகிர்வு அமைப்பிலும் இத்திறந்த நிலை இருந்திருக்க வேண்டும். பல துறையினருக்கும் பொதுவான அந்த அமைப்பு கடவுச்சொல் கேட்டது. 1960களின் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தார் தங்களுக்கென எழுதிக்கொண்ட ஐடிஎஸ் அமைப்பு தொடக்கத்தில் கடவுச்சொல் கேட்கவில்லை. எவரும் எவருடைய கோப்பையும் திறக்கலாம். ஆகவே கணினியோடு நேரடித் தொடர்பு, சந்தையின்மை ஆகியவற்றுடன் ஒருவரையொருவர் அறிந்த சிறு குழுவும் பகிர்வுக்குத் தேவைப்பட்டது.

இம்மூன்றில் பின்னிரண்டும் அடுத்தடுத்துத் தளர்ந்தன. மென்பொருளுக்குத் தனி விலை வைக்கப்போவதாக ஐ.பி.எம். 1969இல் அறிவித்தது. 1980களின் தொடக்கத்தில் லிஸ்ப் நிரல்மொழிக்கான கணினிகளைத் தயாரித்த நிறுவனங்கள் அந்த ஆய்வகத்தின் நிரலாளர் பலரை ஈர்த்துக்கொண்டன. எஞ்சியோருள் ஒருவரான ரிச்சர்ட் ஸ்டால்மன், எவரும் பகிரத்தக்க மென்பொருளை உருவாக்கும் குனு திட்டத்தை 1983இல் அறிவித்தார். 1989இல் அதன் பொது உரிமம் வெளிவந்தது. ஆய்வகத்துக்குள் அறிமுகத்தின் பேரில் நடந்துவந்த பகிர்வு, முன்பின் அறியாதவர்களிடையேயும் நடக்கும்படி பதிப்புரிமைச் சட்டத்தின் துணையோடு விதியாக்கப்பட்டது.